கைபோர் ராடு வெல்டிங்: இரண்டு பட்டறைக்கும் பணம் கொடுத்தவன் எழுதுகிறேன்

கையால் போர் (ஆழ்குழாய்க் கிணறு) போட மண்ணுக்குள் இறக்கும் குழாய்த் துண்டுக்கு ராடு என்று பெயர். ஒன்றோடொன்று திருகி மாட்ட அதன் முனைகளில் மரை வைத்து வெல்டிங் செய்ய இரண்டு பட்டறையில் கொடுத்தேன். முதலில் மதிப்பெண். முதல் பட்டறைக்கு ஐந்துக்கு ஒன்றரை. இரண்டாவது பட்டறைக்கு ஐந்துக்கு நான்கு, அதிலும் ஒரு மதிப்பெண் குறைந்தது வேலையால் அல்ல, வாய்தாவால். இரண்டின் பெயரையும் போடவில்லை. முதலாவது என் மாமன் மகனின் மச்சானுடையது, பெயரைப் போட்டால் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் எனக்கு இடம் இருக்காது. இரண்டாவதுக்கு பெயர்ப் பலகையே கிடையாது.

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை. டெல்டாவில் பாறை இல்லை. களிமண், மணல், மறுபடியும் களிமண், மறுபடியும் மணல். அதனால் திருச்செங்கோட்டு போர் வண்டியைக் கூப்பிட்டு கம்ப்ரஸரில் சுத்தியல் அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. முக்காலி நட்டு, கப்பியில் கயிறு போட்டு, குழாயைத் தொங்கவிட்டு, சாணி கரைத்த தண்ணீரை எஞ்சின் பம்பால் உள்ளே அழுத்திக்கொண்டே இரண்டு ஆள் நெம்புகோலால் இப்படியும் அப்படியும் திருப்பினால் குழாய் தானாக இறங்கும். மண் கரைந்து குழாய்க்கு வெளிப்பக்கமாக மேலே வரும். தாத்தா காலத்திலிருந்து பார்க்கும் வேலைதான், நாமே போட்டுவிடலாம், கைபோர் செட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்கு சொந்த செட்டே வந்துவிடும் என்று ஒரு கணக்கு போட்டேன். கணக்கு தப்பில்லை. ராடு வெல்டிங்கை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

சாதாரணக் குழாயில் மரை வெட்டி சாக்கெட் போட்டு இறக்கினால் என்ன என்று கேட்பார்கள், நானும் கேட்டேன். ஒன்றரை இன்ச் 'பி' கிளாஸ் குழாய், அதாவது நீலப் பட்டை போட்டது, சுவர் கனம் 3.2 மில்லிமீட்டர். அதில் வெட்டும் குழாய் மரை இன்ச்சுக்கு 11, ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மில்லி. ஆக மரையின் அடியில் மிச்சம் இருப்பது 1.7 மில்லி. மேலே இரண்டு பேர் நாலடி நெம்புகோலைப் போட்டு முறுக்கும்போது அந்த 1.7 மில்லிதான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். தண்ணீர் கொண்டுபோகத்தான் அந்த மரை, முறுக்குவதற்கு அல்ல. சிவப்புப் பட்டை 'சி' கிளாஸ் எடுத்தால் சுவர் 4 மில்லி, கொஞ்சம் தேவலாம், ஆனால் கழற்றி மாட்டி கழற்றி மாட்டி மரை தேய்ந்துபோகும். ஆகவே கனமான உருட்டுக் கம்பியில் ஆண் மரை ஒன்று, பெண் மரை ஒன்று, இன்ச்சுக்கு 4 வீதம் பெரிய மரையாக, கூம்பாகக் கடைந்து, குழாயின் இரு முனையிலும் வைத்து வெல்டிங் செய்வார்கள். இதற்குத்தான் பட்டறை.

முதல் பட்டறை. பெரிய இடம், இரண்டு லேத், நாலு பையன்கள், வாசலில் கேட், கிரில், பந்தல் கம்பி என்று சாய்த்து வைத்திருக்கும். 12 ராடு, ஒவ்வொன்றும் 10 அடி. கடைசலும் வெல்டிங்கும் சேர்த்து ராடுக்கு 1,400 ரூபாய், மொத்தம் 16,800, குழாய் தனி. சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். வெல்டிங் வைத்த இடத்தை எல்லாம் கிரைண்டரால் வழவழவென்று தேய்த்து, மேலே சில்வர் பெயிண்ட் அடித்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி பெருமையாக இருந்தது. போட்டோ எடுத்து குடும்பக் குழுவில் போட்டேன். இப்போது அந்தப் போட்டோவைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இடையில் ஒன்று. முதல் நாள் போனபோது ஜிஐ குழாயைத்தான், அதாவது துத்தநாகம் பூசியதை, எடுத்து மாட்டி வைத்திருந்தார்கள், கையிருப்பில் அதுதான் இருந்ததாம். பையன் பத்தவைக்க ஆரம்பித்ததும் வெள்ளையாகப் புகை. நானும் பக்கத்தில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். ராத்திரி எட்டு மணிக்கு எனக்குக் குளிர் எடுத்தது, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல், வாயில் ஒரு இரும்புச் சுவை. மறுநாள் காலையில் ஒன்றும் இல்லை. மேலே பூசியிருக்கும் துத்தநாகம் எரிந்து வரும் புகை அப்படித்தான் செய்யும், சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொன்னார்கள். பால் குடித்தேன், பால் நன்றாக இருந்தது, காய்ச்சல் அதன் பாட்டுக்கு இருந்தது. அப்புறம் நான் சண்டை போட்டு பூச்சு இல்லாத கறுப்புக் குழாய்க்கு மாற்றவைத்தேன். ஜிஐதான் வேண்டும் என்றால் பத்தவைக்கும் இடத்திலிருந்து இரண்டு இன்ச் தூரத்துக்காவது பூச்சைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள், காற்றோட்டமான இடத்தில் வைத்து வேலை பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, போருக்கு வருவோம். முதல் இரண்டு நாள் வெண்ணெயில் கத்தி. 60 அடி தாண்டியதும் பிசின் மாதிரி ஒரு களிமண், குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நெம்புகோலில் மூன்றாவது ஆளும் சேர்ந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் எஞ்சின் சத்தம் மாறியது. பாரம் குறைந்தது போல் லேசாக ஓடியது. மேலே வரும் தண்ணீரில் மண் இல்லை, சும்மா சாணித் தண்ணீர் மட்டும் திரும்பி வந்தது, அதுவும் சீக்கிரமே வந்தது. எனக்கு அப்போது புரியவில்லை, நல்ல மணல் தட்டிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் தண்ணீர் அடி முனையில் மண்ணை அறுக்கும் கட்டர் வரை போகவே இல்லை, பாதி வழியில் குழாயில் ஓட்டை. மேலே உருவிப் பார்த்தால் நான்காவது ராடின் இணைப்பில், சில்வர் பெயிண்டுக்கு ஒட்டினாற்போல், மயிரிழை மாதிரி ஒரு கீறல். பம்பைப் போட்டால் அதிலிருந்து மருந்தடிக்கும் ஸ்பிரேயர் போல சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

இங்கே என் முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன், பட்டறையை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. வீட்டில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கிறது. பெட்டியில் 200 ஆம்பியர் என்று போட்டிருக்கும், எங்கள் ஊர் சாயங்கால வோல்டேஜில் அதில் பாதி வந்தால் பெரிய விஷயம். கதவுத் தாழ்ப்பாள், சைக்கிள் ஸ்டாண்டு, இதற்கெல்லாம் அருமையான மெஷின், குறை சொல்ல மாட்டேன். அதை வைத்து, ஈரமும் சேறும் காயாத குழாயில், கீறலுக்கு மேலேயே ஒரு சுற்று பத்தவைத்தேன். ஈரத்தில் வைத்தால் உருகிய இரும்பில் காற்றுக் குமிழி சிக்கும், ஹைட்ரஜன் ஏறும், மேலே பார்க்க மூடியது போல் இருக்கும், உள்ளே சல்லடை. மறுநாள் 74 அடியில், தூக்கும்போது, "டப்". கயிறு இளகியது. எங்கள் கையில் நான்கு ராடு, மிச்சமும் கட்டரும் குழிக்குள்.

அந்தக் குழிக்குள் விழுந்ததை எடுக்கப் போய்த்தான் இரண்டாவது பட்டறை அறிமுகம். மன்னார்குடி ரோட்டில், புளியமரத்தடியில், தகரக் கூரை, ஒரு பழைய லேத், ஒரு பெரியவர், அவருடைய பேரன். டீக்கடைக்காரர்தான் கைகாட்டினார். உடைந்த முனையை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, முனையை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எனக்குக் காட்டினார். உடைந்த முகத்தில் ஒரு பக்கம் பிறை மாதிரி கறுத்துப்போய் சேறு ஏறி இருந்தது, மீதி பளபளவென்று சர்க்கரைப் பொடி தூவியது போல் புதிதாக இருந்தது. "இந்தக் கறுப்பு முன்னாடியே உடைஞ்சது தம்பி. நீங்க அதோடயே ஓட்டிருக்கீங்க. வெள்ளையா இருக்கே, அது மட்டுந்தான் நேத்து உடைஞ்சது" என்றார்.

இன்னொன்றையும் நகத்தால் காட்டினார். உடைப்பு வெல்டிங்கில் இல்லை. வெல்டிங் அப்படியே குழாயோடு ஒட்டி இருக்கிறது. அதற்கு ஒரு நூல் தள்ளி, மரை கடைந்த கட்டையின் பக்கம்தான் விட்டிருக்கிறது. காரணம் இதுதான். குழாய் சாதாரண இரும்பு, மெதுவானது. மரைக் கட்டை இஎன் 8 என்ற வகை, அதில் கரி (கார்பன்) சுமார் 0.4 சதவீதம். மரை தேயாமல் இருக்க அந்த இரும்புதான் சரி, அதில் தப்பில்லை. ஆனால் கரி அதிகமுள்ள இரும்பைச் சூடாக்காமல் பத்தவைத்து, சட்டென்று ஆறவிட்டால், வெல்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய வளையம் கண்ணாடி மாதிரி கெட்டிப்பட்டுவிடும். நேராக இழுத்தால் தாங்கும். முறுக்கி, வளைத்து, அதிர வைத்தால் கீறும். முதல் பட்டறையில் ஒவ்வொரு முனையையும் முடித்த கையோடு பையன் ஒரு மக் தண்ணீரை எடுத்து ஊற்றினான், "சொய்ங்" என்று சத்தம் வந்தது, அதை என் கண்ணால் பார்த்தேன், நல்ல சுறுசுறுப்பான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

கிரைண்டரால் வழவழப்பாக்கியதையும் பெரியவர் விடவில்லை. வெல்டிங் மேடாக இருந்தால்தான் அதில் சதை இருக்கும், அதைத் தேய்த்தால் பலம் போகிறது, ஓட்டை இருந்தாலும் மறைந்துவிடுகிறது, பெயிண்ட் அடித்தால் கேட்கவே வேண்டாம். ஒரு ராடை அறுத்துக் காட்டினார். குழாயின் முனையைச் சாய்க்காமல் மொட்டையாக வைத்து மேலோடு ஒரு சுற்று ஓட்டியிருந்தார்கள். உள்ளே பாதி கனம் பத்தவே இல்லை. கட்டையில் குழாய்க்குள் போகிற பகுதி ஒரு சென்டிமீட்டர் மட்டும்.

முதலில் மீன்பிடி வேலை. கூம்பாக ஒரு டாப் கடைந்து கொடுத்தார், அதை மீதி ராடில் மாட்டி இறக்கி, உடைந்த குழாயின் வாயில் உட்காரவைத்து மெதுவாகத் திருப்பினால் அதுவே மரை வெட்டிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். ஆறு மணி நேரம். ஐந்து முறை பிடித்து நழுவி, ஆறாவது முறை கயிறு கனத்தபோது மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. எல்லாம் வந்தது. குழி மட்டும் சரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரியே டார்ச் வெளிச்சத்தில் மணலும் களியும் கொட்டி இடித்து மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். 2019-இல் மணப்பாறைப் பக்கம் போர்க் குழியில் ஒரு குழந்தை விழுந்து இறந்ததற்குப் பிறகு திறந்த குழியை ஒரு ராத்திரி விட்டுவைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வராது.

இப்போது இரண்டாவது பட்டறையின் வேலை. மரைக் கட்டை நீளமாக இருந்ததால் தப்பித்தேன். பழைய வெல்டிங்கை, அந்தக் கெட்டிப்பட்ட வளையத்தோடு சேர்த்து, அறுத்து எறிந்துவிட்டு, கட்டையில் இரண்டு இன்ச் நீளத்துக்குக் குழாய்க்குள் இறுக்கமாகப் போகும்படி கடைந்தார். ஒன்றரை இன்ச் குழாயின் உள்விட்டம் கிட்டத்தட்ட 42 மில்லி, கையால் தட்டினால் போகிற அளவுக்கு வைத்தார், ஆட்டம் இல்லை. குழாயின் முனையை 30 டிகிரி சாய்த்தார். கட்டைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு வெல்டிங் ராடின் கனத்துக்கு, இரண்டரை மில்லி, இடைவெளி. அதற்கு ஓர் இன்ச் தள்ளி குழாயில் எதிரெதிராக இரண்டு 12 மில்லி ஓட்டை போட்டு வைத்தார், அதன் வழியாக உள்ளே இருக்கும் கட்டையோடு சேர்த்துப் பத்தவைத்து நிரப்ப.

நான்கு இடத்தில் டாக், அதாவது பிடித்து நிற்க மட்டும் ஒரு பொட்டு வெல்டிங். அடுத்து நேர் பார்ப்பது. இதுதான் எனக்குப் பிடித்த இடம். இரண்டு ஆங்கிளை ஒட்டிக் கவிழ்த்து வைத்து நடுவில் வரும் பள்ளத்தில் ராடைக் கிடத்தி, பேரன் உருட்டுவான். பெரியவர் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, மரைக் கட்டைக்குப் பக்கத்தில் செங்கல் மேல் குத்தவைத்து, உருளும்போது ஈர்க்குக்கும் கட்டைக்கும் நடுவே வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று பார்ப்பார். ஈர்க்கின் கனத்துக்கு மேல் விலகினால் டாக்கை உடைத்து மறுபடி. என் பழைய ராடை அதில் உருட்டிப் பார்த்தோம், கட்டை நாய் வால் மாதிரி ஆடியது. அப்படி ஆடினால் ஒவ்வொரு திருப்பலுக்கும் அந்த இணைப்பு ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது என்று பொருள், கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே அந்த மாதிரி.

நேர் வந்ததும் கேஸ் செட்டால் கட்டையைச் சுற்றிச் சூடு. எவ்வளவு என்று கேட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துக் காட்டுவார். சொய்ங் என்று அங்கேயே காய்ந்தால் போதாது, முத்து மாதிரி உருண்டு ஓட வேண்டும், அப்போது ஏறக்குறைய 200 டிகிரி. வெல்டிங் ராடு 7018, அன்றைக்குப் பிரித்த பாக்கெட். மிச்சத்தை ஒரு செத்துப்போன பிரிட்ஜுக்குள் குண்டு பல்பு எரியவிட்டு அடுக்கி வைத்திருக்கிறார். கம்பெனி சொல்கிற 300 டிகிரிச் சூளைக்கு அது ஈடாகாது என்று அவரே சொன்னார், மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் காக்கும், அவ்வளவுதான். கிரில் பட்டறையில் எல்லாவற்றுக்கும் 6013 தான் ஓடும், லேசாகப் பிடிக்கும், பார்க்க அழகாக வரும், கேட்டுக்கும் பந்தலுக்கும் அது போதும். 7018-ஐ பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினில் பிடிக்க வைப்பதே பாடு, ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் சுற்றுக்கு 2.5 மில்லி ராடு, மேல் சுற்றுக்கு 3.15 மில்லி. கால் வட்டம் இங்கே, கால் வட்டம் அதற்கு எதிரே. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, குனிந்து பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. கிரைண்டர் கடைசி வரை பக்கத்திலேயே வரவில்லை.

முடிந்ததும் தண்ணீர் இல்லை, காற்றில்கூட விடவில்லை. பக்கத்து அரிசி மில்லிலிருந்து கொண்டுவந்த உமிச் சாம்பல் ஒரு டிரம் நிறைய இருக்கிறது, அதில் முனையைச் சொருகி வைத்துவிட்டார். மறுநாள் காலை எடுத்தபோதும் உள்ளே இளஞ்சூடு இருந்தது.

கட்டரையும் அவரே மறுபடி செய்தார். லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டில் மூன்று இறக்கை. அந்தப் பட்டையில் கரி இன்னும் அதிகம், ஆகவே அதே சூடு, அதே சாம்பல், ஒரு படி கூடுதலாகவே. ஸ்விவல் (ராடு சுழல விடும் மேல் இணைப்பு) பக்கத்தில் ஒரு சின்ன வேலை இருந்தபோது எர்த் கிளாம்பை நான் மேலே கொக்கியில் மாட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார். கரண்டு பேரிங் வழியாகப் போனால் உருண்டை எல்லாம் பொரிந்துவிடுமாம். பத்தவைக்கும் துண்டிலேயே எர்த் கொடுக்க வேண்டும். வீட்டில் பம்புசெட்டுக்கு வெல்டிங் வைப்பவர்களும் இதைக் கவனியுங்கள்.

கூலி: ராடுக்கு 950, மொத்தம் 11,400. புதிதாகவே அவரிடம் கொடுத்திருந்தால் ராடுக்கு 2,100 என்றார், 25,200 ஆகியிருக்கும். நான் இரண்டு இடத்திலும் சேர்த்துக் கொடுத்தது 28,200. மூன்றாயிரம்தான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், பத்து நாள் ஆள் கூலி, டீசல், இடிந்துபோன ஒரு குழி, இதெல்லாம் அதில் இல்லை. இன்னொரு சின்ன நஷ்டம்: முனைக்கு இரண்டு இன்ச் குழாயை அறுத்தது, இரண்டு இன்ச் கட்டை உள்ளே போனது என்று ராடுக்கு 8 இன்ச் குறைந்துவிட்டது. 12 ராடில் அது 8 அடி. 120 அடி செட் 112 அடி ஆனது. ராடை எண்ணி ஆழம் கணக்குப் போடும் பழக்கம் இருந்தால் பில்டரை, அதாவது தண்ணீர் உள்ளே வரும் துளைக் குழாயை, தப்பான இடத்தில் நிறுத்திவிடுவோம், நான் ஒவ்வொரு ராடையும் டேப் பிடித்து அளந்து சாக்பீஸால் எழுதிக்கொண்டேன்.

புதுக் குழி பழைய குழிக்கு 12 அடி தள்ளி. அதே பிசின் களிமண், அதே மூன்று ஆள். ஒருமுறை களி பிடித்துக்கொண்டு நெம்புகோல் குழாய் வளைந்தது, ராடு அசையவில்லை. 71 அடியில் மணல் தட்டியது, 94 வரை இருந்தது, பருமணல், கையில் எடுத்தால் கற்கண்டுத் தூள். அதில் 4 இன்ச் பிவிசி பில்டரை இறக்கி, வெளியே சல்லி போட்டு, ஒரு நாள் முழுக்கக் கலங்கல் தண்ணீரை இறைத்துக் கொட்டினோம். மறுநாள் தெளிந்தது. குடித்துப் பார்த்தோம், உப்பு இல்லை. 24 முனையில் ஒன்றுகூடக் கசியவில்லை. மரைக்கு கிரீஸ் வேண்டாம், குடிக்கிற தண்ணீர், விளக்கெண்ணெய் தடவுங்கள் என்று பெரியவர் சொல்லியிருந்தார், அதுவே போதுமாக இருந்தது.

குறைகளும் உண்டு. அஞ்சு நாளில் தருகிறேன் என்று சொல்லி பதினாலாம் நாள் கொடுத்தார். போன் எடுக்க மாட்டார். பில் கிடையாது, சுவரில் கரியால் எழுதுவதுதான் கணக்கு. மாஸ்க் இல்லாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு பத்தவைப்பார், அதைச் சொன்னால் கோபம் வருகிறது. பேரன் மட்டும் கண்ணாடி போட்டிருக்கிறான். அவசர வேலைக்கு இந்த இடம் சரிப்படாது.

முதல் பட்டறைக்கு உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு போனேன், சண்டைக்கு இல்லை, காட்டத்தான். பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்தாதன்னு பையன்கிட்ட எத்தனை தடவை சொல்லிருக்கேன் மாப்ள" என்றார். அன்றைக்கு அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பாதிக் கூலியைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி, மூவாயிரம் கொடுத்திருக்கிறார், மிச்சம் அறுப்புக்குப் பிறகாம். வீட்டு கேட்டை இப்போதும் அவரிடம்தான் செய்யக் கொடுத்திருக்கிறேன், கேட் வேலையில் அவரை அடிக்க ஆள் இல்லை.

புளியமரத்தடிக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், வெயில் ஏறினால் லேத்தை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவார். அமாவாசையன்று போகாதீர்கள், பூட்டியிருக்கும்.